இறைத்த தண்ணீரும் பயிர் குடித்த தண்ணீரும்

வணக்கம் நேயர்களே.

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மாரியில் பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்குகிறது. அடுத்த மாரி வரை அதைத்தான் கிணற்றால் அள்ளிக் குடிக்கிறோம், தோட்டமும் செய்கிறோம். அள்ளியதில் பயிருக்குள் போனது எவ்வளவு? இந்தக் கேள்வி பல வருடமாக என்னை விடவில்லை.

கோப்பாய்ப் பக்கம் ஒரு வெங்காயத் தோட்டக்காரரிடம் இதைக் கேட்டேன். "இரண்டு மணித்தியாலம் இறைப்பன், தம்பி" என்றார். வேலிக்கு அந்தப் பக்கத்தில் இருந்தவர், "எனக்கு நாலு போகுது" என்றார். காணி இரண்டும் பத்துப் பரப்புக்கு மேல் (பரப்பு நம் ஊர் நில அளவு, ஏறக்குறைய 250 சதுர மீற்றர்). நடுகை ஒரே கிழமை, மண்ணும் ஒரே செம்மண். முதலாமவர் குழாயால் விடுகிறார். மற்றவருடைய தண்ணீர் நீண்ட மண் வாய்க்காலால் போகிறது. அப்படியென்றால் இரண்டாவது தோட்டத்து வெங்காயம் இரு மடங்கு குடித்ததா? இல்லை. செய்மதிப் படத்தில் பார்த்தால் இரண்டு தோட்டமும் ஏறக்குறைய ஒரே பச்சை. பயிர்கள் குடித்ததும் ஏறக்குறைய ஒரே அளவுதான். மிச்சத்தில் பெரும்பகுதி செம்மண்ணுக்குள்ளால் இறங்கித் திரும்பவும் கல்லுக்குள் போய்விட்டது. போகும்போது உரத்தின் நைத்திரேற்றையும் கரைத்துக்கொண்டு போனது, அது வேறு துக்கம்.

திரும்பவும் சொல்கிறேன், இதுதான் முக்கியம்: மோட்டர் ஓடிய நேரம் இறைத்த தண்ணீரைச் சொல்லும், குடித்த தண்ணீரைச் சொல்லாது. இலை வழியாக ஆவியாகி வானத்துக்குப் போன தண்ணீர் இந்தக் கோடைக்குள் கிணற்றுக்குத் திரும்பாது. நாம் எண்ண வேண்டியது அதைத்தான்.

சரி, செய்மதி இதை எப்படி அறியும்? பச்சை இலை சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். நம் கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ் ஒளியைத் திருப்பி எறியும். காய்ந்த மண்ணில் இந்த வேறுபாடு சிறிது. இரண்டையும் ஒப்பிட்டு எடுக்கும் எண்தான் தாவரச் சுட்டெண். 1972இல் லான்ட்சாட் என்ற அமெரிக்கச் செய்மதி வரிசையின் முதலாவது போன காலத்திலிருந்து இந்தக் கணக்கு நடக்கிறது. இன்றைய லான்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி ஏறக்குறைய மூன்றரைப் பரப்பு. 2015இல் ஏவிய ஐரோப்பியச் செய்மதி சென்டினல்-2இன் படத்தில் அரைப் பரப்பிலும் குறைவு. துண்டு துண்டான நம் காணிகளுக்கு இந்த வித்தியாசம் பெரியது.

வெயில், காற்று, ஈரப்பதன், வெப்பம் இவற்றை வைத்து அன்றைய வானிலை எவ்வளவு நீரை இழுக்கும் என்று கணிக்கலாம். உலக உணவு விவசாய நிறுவனம் 1998இல் வெளியிட்ட முறை அதற்கு இருக்கிறது. அதைப் பச்சையின் அளவோடு பெருக்கினால் பயிர் குடித்த தண்ணீர் வரும். நாளுக்கு 5 மில்லிமீற்றர் என்று வந்தால், ஒரு பரப்புக்கு ஏறக்குறைய 1,250 லீற்றர்.

வறண்ட நிலத்தில்தான் இந்தக் கணக்கு தெளிவாக வரும். அடர்ந்த காட்டில் எங்கும் பச்சை, சுட்டெண் ஓரளவுக்கு மேல் ஏறாது. மழை நின்று மாதக்கணக்கான பிறகும் ஓரிடம் பச்சையாக இருந்தால், அந்த நீர் கிணற்றால் வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் வேர் தானே ஆழத்தில் தேடியிருக்க வேண்டும். அமெரிக்காவின் கொலராடோ ஆற்றங்கரையில் பரவிய டாமரிஸ்க் செடி தண்ணீரை அளவுக்கு மீறி உறிஞ்சுகிறது என்று நெடுங்காலம் நம்பி, பெருஞ்செலவில் அழித்தார்கள். செய்மதிப் பச்சையையும் தரையில் நட்ட அளவீட்டுக் கோபுரங்களையும் சேர்த்துப் பார்த்தபோது, அது அந்த மண்ணின் மரங்களைவிட அதிகம் குடிக்கவில்லை என்று தெரிந்தது. நம் பனையையும் பூவரசையும் பற்றிப் பேசும் முன், நாமும் அப்படி அளந்து பார்க்க வேண்டும்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். பனையைப் பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன், இன்னொரு நாள் பார்ப்போம். சில எச்சரிக்கை மட்டும்: இறைத்த கையோடு ஈர மண்ணிலிருந்து ஆவியாவதைப் பச்சை காட்டாது, வாடத் தொடங்கிய பயிரும் சில நாள் பச்சையாகவே தெரியும், அதற்கு வெப்பப் படம் வேண்டும். மாரியில் முகிலும் மறைக்கும். ஆனால் ஆடி, ஆவணியில் தெளிவான படங்கள் கிடைக்கும், காசும் இல்லை. பள்ளிக்கூடக் கணினியிலேயே திறக்கலாம். ஆசிரியர்கள் தங்கள் ஊரிலிருந்தே தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.