கத்தியைக் கைமாற்றுகிறவர்கள்

(கற்பித்தலுக்காக இளம் அறுவை மருத்துவர்கள் பாராட்டப்பட்ட கூட்டமொன்றில், ஓய்வுபெற்ற அறுவை சிகிச்சைப் பேராசிரியர் ஒருவர் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். மேடையில் இருப்பவர்களை ஒவ்வொருவராக விளித்தால் எனக்குக் கொடுத்த நேரம் அதிலேயே தீர்ந்துவிடும். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நல்லாசிரியர் விருது என்றால் தலை நரைத்தவருக்குத்தான் என்பது நம் வழக்கம். இன்றைக்கு விருது வாங்கப்போகிற ஐந்து பேரில் ஒருவருக்கும் நாற்பது வயது ஆகவில்லை. ‘இவ்வளவு சீக்கிரம் எதற்கு?’ என்று வாசலில் ஒருவர் என் காதுபடவே கேட்டார். அவருக்குப் பதில் சொல்லத்தான் எழுந்திருக்கிறேன்.

எம்.எஸ். முடித்து அசிஸ்டென்ட் ப்ரொஃபசராகப் புதிதாக வந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். கை பசித்திருக்கிற வயது அது. இன்னும் நூறு ஹெர்னியா தானே செய்ய வேண்டும், சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் பெயர் வாங்க வேண்டும் என்ற துடிப்பு. ராத்திரி இரண்டு மணிக்கு எமர்ஜென்சி தியேட்டரில் ஒரு அப்பென்டிக்ஸ். தானே செய்தால் சட்டென்று முடித்துவிட்டு டியூட்டி ரூமில் போய்ப் படுக்கலாம். பக்கத்தில் கேமராவைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் ஆண்டு பி.ஜி., அதாவது மேற்படிப்பு மாணவி, ஒரு பெண். ‘நீ இந்தப் பக்கம் வாம்மா’ என்று இடம் மாறி நின்றால் வேலை இரண்டு மடங்கு நேரம் இழுக்கும். கேஸும் போச்சு, தூக்கமும் போச்சு. நாளை நோயாளிக்குக் காய்ச்சல் வந்தால் ரவுண்ட்ஸில் சீஃபுக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் இவர்தான்.

நான் கடைசி வருடங்களில் தாராளமாகக் கேஸ்களை விட்டுக்கொடுத்தேன். அதில் பெருமை ஒன்றுமில்லை. கண்ணாடி பவர் ஏறிவிட்டது, இடுப்பும் வலித்தது. இவர்கள் கொடுப்பது அப்படியா? பசியோடு இருக்கும்போதே தட்டை நகர்த்திவைக்கிறார்கள்.

கத்தியைக் கொடுத்துவிட்டுப் போனைப் பார்ப்பது கற்பித்தல் ஆகாது. பித்தப்பை ஆபரேஷனில் கிளிப் போடுவதற்கு முன் இவர்களில் ஒருவர் கையை நிறுத்தச் சொல்வதைப் பார்த்தேன். ‘பித்தப்பைக்குள் போவது ஒரு பித்தநாளம், ஒரு தமனி, ரெண்டே ரெண்டுதானா? அடிப்பகுதி கல்லீரலை விட்டுப் பிரிந்திருக்கா? முன்னாலும் பின்னாலும் திருப்பிக் காட்டு.’ மூன்றுக்கும் பதில் வந்த பிறகுதான் கிளிப். அங்கே கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் போகிற பொதுப் பித்தநாளத்தைத் தவறாக வெட்டிவிட்டால் நோயாளிக்கு ஆயுள் முழுக்க அவஸ்தை. அவர் குரல் உயரவே இல்லை.

எங்கள் காலத்தில் கை நடுங்கினால் ஃபோர்செப்ஸால், அதாவது இடுக்கியால், விரல் முட்டியில் ஒரு தட்டு விழும். தட்டினால் இன்னும் நடுங்கும். அடியாத மாடு படியாது என்று நம்பி நானும் என் மாணவர்களைப் பத்து வருடம் தட்டினேன். அவர்களில் சிலர் இந்த அரங்கில் இருக்கிறார்கள். மன்னித்துக்கொள்ளுங்கள் அப்பா.

சீக்கிரம் எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவில் விவியன் தாமஸ் என்று ஒரு கறுப்பின மனிதர். தச்சு வேலை தெரியும். டாக்டருக்குப் படிக்கச் சேர்த்த பணம் 1930 வாக்கில் வங்கி திவாலானதில் போய்விட்டது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃப்ரெட் பிளாலக் என்ற சர்ஜனின் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். செய்ததெல்லாம் ஆராய்ச்சி வேலை. சம்பளக் கணக்கில் மட்டும் துப்புரவுப் பணியாளர்! பிறகு இருவரும் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குப் போனார்கள்.

1944 நவம்பர் 29. உடம்பு நீலம் பாரித்த ஒரு குழந்தைக்கு, கைக்குப் போகும் தமனியை நுரையீரல் தமனியோடு இணைக்கும் ஆபரேஷன். நாய்களில் அதை மறுபடி மறுபடி செய்து முறையை வகுத்தவர் தாமஸ். கத்தி பிளாலக் கையில். அவருக்குப் பின்னால் ஒரு முக்காலியில் ஏறி நின்று, தையல் எந்தத் திசையில் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் மருத்துவப் பட்டமே இல்லாத தாமஸ். அப்போது அவருக்கு வயது 34. அதற்குப் பிறகு ஹாப்கின்ஸில் படித்த எத்தனையோ சர்ஜன்கள் அவரிடம்தான் கைவேலை கற்றார்கள். அந்த ஆபரேஷனில் பயிற்சி டாக்டராக நின்ற டென்டன் கூலி பிற்காலத்தில், 1969-ல், உலகில் முதன்முதலாக ஒரு மனிதருக்குச் செயற்கை இதயம் பொருத்தினார். அவரும் தாமஸிடம் கற்றதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தவர்.

தாமஸுக்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது எப்போது தெரியுமா? 1976-ல். நடுவில் 32 வருடம். பிளாலக் 1964-லேயே போய்விட்டார், அதைப் பார்க்க அவர் இல்லை. வாசலில் கேட்ட நண்பரே, நீங்கள் எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தாலும் என் பதில் இந்தக் கணக்குதான்.

ஒரு பாராட்டும் ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தது பேராசிரியர் குழு இல்லை, பி.ஜி.க்களும் ஹவுஸ் சர்ஜன்களும் சீட்டில் எழுதிப்போட்டது. அது சரியான வழி. கட்டுரை எத்தனை என்று எண்ணுவது சுலபம், நடுராத்திரியில் யார் பக்கத்தில் நின்றார் என்பது நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

குறை என்னவென்றால், சால்வை போர்த்தி அனுப்பிவிட்டு நாளையே இவர்களுக்கு இன்னொரு ஓ.பி.யும் ரெண்டு கமிட்டியும் கூடுதலாகப் போட்டுவிடுவோம். சொல்லிக்கொடுக்க நேரம் வேண்டாமா? வாரத்துக்கு ஒரு மத்தியானம், வேறு எந்த வேலையும் இல்லாமல், பி.ஜி.க்களோடு தையல் பழக, முடிச்சுப் போடப் பழக டியூட்டி ரோஸ்டரிலேயே எழுதிக் கொடுங்கள். டீன் அம்மா சிரிக்கிறார்கள். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு உட்காருகிறேன்.