சாலொமோன் தூணும் காட்டுப் பூவும்

நடுவர் அவர்களே, எதிரணியில் முகமெல்லாம் மலர்ச்சியாக அமர்ந்திருக்கும் அன்பர்களே, திருவிழாவுக்குத் திரண்டு வந்திருக்கும் கிருஷ்ணகிரிப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

கிறிஸ்தவ பக்தியில் மலர்கள் பெரிதும் உணர்த்துவது இறைவனின் அழகையா, பணிவையா? இதுதான் இன்றைய வழக்கு. நான் பணிவின் கட்சி. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் ஓசூர் ரோஜாவைக் காட்டினார், வேதாகமம் சொல்லும் சாரோனின் ரோஜாவைக் காட்டினார், இஸ்ரவேல் அரசன் சாலொமோன் கட்டிய ஆலயத்துக்கே நம்மை அழைத்துப் போய்விட்டார். நல்ல பேச்சு. நானும் கைதட்டினேன். அதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நடுவர் அவர்களே!

ஆலயத் தூண்களின் உச்சியில் லீலிப் பூ வேலைப்பாடு இருந்தது என்றார். மறுக்கவில்லை. வேதாகமத்தில் முதலாம் இராஜாக்கள் 7-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. யாகீன், போவாஸ் என்று அந்த இரண்டு வெண்கலத் தூண்களுக்குப் பெயர்கூட உண்டு. ஆனால் தலைவர் கதையைப் பாதியில் விட்டுவிட்டார். இரண்டாம் இராஜாக்கள் 25-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். பாபிலோன் படை வந்தது, தூண்களை உடைத்தது, வெண்கலத்தை அள்ளிக்கொண்டு போனது. அரசன் வார்ப்பித்த பூ உடைந்த உலோகமாக மூட்டை கட்டப்பட்டது. அழகுக்கு அங்கே கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

காட்டுப் புஷ்பங்களைப் பற்றிப் பேசும்போது அந்தச் சாலொமோனைத்தான் இயேசு மலைப் பிரசங்கத்தில் இழுக்கிறார். "சாலொமோன் முதலாய்த் தன் சர்வமகிமையிலும் அவைகளில் ஒன்றைப்போலாகிலும் உடுத்தியிருந்ததில்லை" என்ற வசனத்தை எதிரணித் தலைவர் எவ்வளவு உருக்கமாகச் சொன்னார்! மத்தேயு 6-ஆம் அதிகாரம், 29-ஆம் வசனம். சொல்லிவிட்டு வேதாகமத்தை மூடிவிட்டார். ஐயா, 30-ஆம் வசனத்தை ஏன் விட்டீர்கள்? "இன்றைக்கிருந்து நாளைக்கு அடுப்பிலே போடப்படும் காட்டுப்புல்" என்று இயேசுவே சொல்கிறாரே! விறகு அரிதான கலிலேயாவில் ரொட்டி சுடும் அடுப்புக்குக் காய்ந்த புல்லைத்தான் போட்டார்கள், நம் பக்கத்தில் துவரை மிலாறு எரிப்பதைப் போல. அரண்மனைத் தோட்டத்துப் பூவை இயேசு காட்டவில்லை. நட்டவர் யாரும் இல்லாத, தண்ணீர் ஊற்றியவர் யாரும் இல்லாத, நாளைக்கு எரியப்போகிற ஒன்றைக் காட்டினார். அழகு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அந்த அழகைத் தேவன் எங்கே கொண்டுபோய் வைத்தார் என்பதுதான் என் கட்சி.

சாரோனின் ரோஜாவுக்கு அதிக நேரம் தேவையில்லை. உன்னதப்பாட்டில் அதே வசனம் அடுத்த மூச்சிலேயே "பள்ளத்தாக்குகளின் லீலிபுஷ்பம்" என்கிறது. மலை உச்சியில் அல்ல, பள்ளத்தில். அடுத்த வசனத்தில் அது நிற்கும் இடம் இன்னும் மோசம்: முள்ளுகளுக்குள்ளே!

இப்போது ஓசூருக்கு வருவோம். அங்கே பசுமைக் குடிலுக்குள் போய்ப் பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே நிறையப் பேர் இருப்பீர்கள். மொட்டு விரிந்துவிடாதபடி அதன் தலையில் ஒரு சிறு வலை உறை மாட்டியிருப்பார்கள். விரிவதற்கு முன்பே வெட்டி, காம்பை அளந்து, தரம் பிரித்து, குளிர் அறையில் அடுக்குவார்கள். காம்பு நீளம் என்றால் விலை கூடும். பிப்ரவரி மாதம் என்றால் இன்னும் கூடும். உழைப்பவர்களை நான் குறை சொல்லவில்லை, அது பிழைப்பு. ஆனால் அந்த ரோஜா கோயிலுக்குள் வந்ததும் காம்பின் நீளத்தை யார் கேட்கிறார்கள்? கத்தோலிக்கத் திருப்பலி நூலின் பொதுப் போதனை என்ன சொல்கிறது தெரியுமா? மலர் அலங்காரம் அளவோடு இருக்க வேண்டும். பீடத்தின் மேல் வைப்பதைவிடப் பீடத்தைச் சுற்றி வைக்க வேண்டும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பூவாக இருந்தாலும் அதன் இடம் பீடத்தடிதான். மேலே திருப்பலிக்குத் தேவையானவை மட்டும்.

எதிரணியில் இன்னொரு அன்பர், இறந்த பிறகு ரோஜா மழை பொழிவேன் என்ற புனித குழந்தை தெரேசாவைச் சொன்னார். 1897-இல், 24 வயதில் காசநோயால் இறந்த பிரெஞ்சுக் கன்னியர். 1997-இல் திருச்சபை அவரை மறைவல்லுநர், அதாவது விசுவாசத்தைக் கற்பிக்கும் பேராசான், என்று அறிவித்தது. நம் தர்மபுரி மறைமாவட்டம் உருவானதும் அதே ஆண்டுதான் என்பதை ஒரு பக்கப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அவர் தம்மை ரோஜா என்றா அழைத்துக்கொண்டார்? சிறுமலர் என்றார். 14 வயதில், கார்மேல் மடத்தில் சேர அப்பாவிடம் அனுமதி கேட்கிறார். தோட்டத்தில் நடந்துகொண்டிருந்த அப்பா ஒரு தாழ்ந்த சுவருக்குப் போய், அதில் முளைத்திருந்த சின்ன வெள்ளைப் பூ ஒன்றைப் பறித்து மகளிடம் கொடுக்கிறார். கையில் வாங்கிப் பார்த்தால் பூ வேரோடு வந்திருக்கிறது. யாரும் விலை கேட்காத, சுவர் இடுக்குப் பூ. அந்த வேரைப் பார்த்துத்தான், தாம் வேறொரு மண்ணில் நடப்படப்போவதை அவர் உணர்ந்தார். எல்லாச் சிறு பூக்களும் ரோஜாவாக ஆசைப்பட்டால் வசந்தமே அழகை இழந்துவிடும் என்று பிறகு எழுதினார். எதிரணிக்கு வேண்டிய அழகு, சிறுமையின் தயவில் நிற்கிறது, கவனியுங்கள்!

ஓவியங்களில் கபிரியேல் தூதர் கையில் லீலியோடு வருவாரே என்று கேட்பீர்கள். வரட்டும். இயேசுவைப் பெறுவாய் என்று அவர் சொன்ன செய்திக்கு மரியாள் சொன்ன பதில் என்ன? "நான் ஆண்டவரின் அடிமை." வழக்கு முடிந்தது.

கடைசியாக நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அதற்கு முன்தினம் தர்மபுரிப் பூச் சந்தையில் வாங்கிய சாமந்தியோடு குடும்பம் குடும்பமாகப் போகிறோம். பளிங்குக் கல்லறை ஒன்று இருக்கும். பக்கத்திலேயே பெயர்ப் பலகைகூட இல்லாத மண்மேடு இருக்கும். நம் வீட்டுப் பாட்டிமார்கள் சாமந்தியை உதிர்த்து, சொந்தக் கல்லறைக்குத் தூவிய கையோடு, மிச்சத்தை அந்த மண்மேட்டுக்கும் தூவுவார்கள். யாருடையது என்று கேட்பதில்லை. "மனுஷனுடைய நாட்கள் புல்லுக்கு ஒப்பாயிருக்கிறது, வெளியின் புஷ்பத்தைப்போல் பூக்கிறான்" என்கிறது 103-ஆம் சங்கீதம். காற்று வீசினால் இல்லாமற்போகிற பூ அது. பளிங்குக்கும் மண்ணுக்கும் ஒரே காற்றுதான்.

அடுத்துப் பேச வரும் எதிரணிச் சகோதரி ரோஜாவைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும். அந்த மண்மேட்டின்மேல் கிடக்கும் சாமந்தி எந்த அழகைக் காட்டுவதற்காகப் போடப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு உட்காரட்டும். நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். வணக்கம்.