அரோகராவும் நீலப் புள்ளியும்

(கொடைக்கானல் பட்டிமன்றம் ஒன்றில், ‘முதுகில் பையோடு தனியே ஊர் சுற்றுபவருக்குக் கைப்பேசி துணையா, தொல்லையா?’ என்ற தலைப்பில், ‘துணையே’ அணிக்காகப் பேசியது.)

நடுவர் அவர்களே, வணக்கம். இந்தக் குளிரிலும் போர்வையோடு வந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எதிரணி அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். “எங்க தாத்தா குன்றக்குடியிலேர்ந்து நத்தம், திண்டுக்கல் வழியாப் பழனிக்கு நடந்தே போனாரு. கையில ஜிபிஎஸ்ஸா வச்சிருந்தாரு?” நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன், நல்ல கேள்வி.

பதில் சொல்கிறேன். தாத்தா தனியாகவா போனார்? முன்னால் காவடி, பின்னால் வண்டியில் அரிசி பருப்பு. வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல். காலில் கொப்புளம் வந்தால் எண்ணெய் தடவிவிட ஆள். இருட்டில் வழி தப்பிவிட்டதா? கவலையே இல்லை. அரோகரா சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறதோ அந்தப் பக்கம் திரும்பினால் போதும். தாத்தாவிடம் ஜிபிஎஸ் இருந்தது அண்ணே! அதன் பெயர் அரோகரா!

இன்னொன்றும் கேட்கிறேன். தாத்தா போனார், சரி. பாட்டி தனியாக ஒரு பையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தால் வீட்டில் விட்டிருப்பார்களா?

நான் போனேன். போன டிசம்பரில் பத்து நாள். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் எல்லாம் அரசுப் பேருந்திலும் நடையிலுமாகச் சுற்றிவிட்டு, கடைசியாக வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி கிராமத்துக்கு இறங்கினேன். உங்களுக்குத் தெரியாததா? நான் இறங்கியது வண்டி போகிற பாதை இல்லை. மூட்டை முடிச்செல்லாம் குதிரை முதுகில்தான் போகும்.

டால்பின் நோஸ் பாறையைத் தாண்டி அரை மணி நேரம் இருக்கும். கீழே பெரியகுளம் பக்கத்துச் சமவெளி பளிச்சென்று தெரிந்தது. குனிந்து பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்கிறேன், பெரியகுளத்தைக் காணோம்! பக்கத்திலிருந்த மரத்தைக் காணோம்! கையை நீட்டினால் விரல் நுனி வெளுத்துத் தெரிகிறது. அப்படி ஒரு மூட்டம். அந்த இடத்தில்தானா பாதை இரண்டாகப் பிரிய வேண்டும்? குனிந்து பார்த்தேன். இரண்டிலும் குதிரைச் சாணம் கிடக்கிறது. “அண்ணே!” என்று கத்தினேன். என் குரல்தான் திரும்பி வந்தது. அரோகரா சொல்ல ஒரு ஆள் இல்லை ஐயா, ஒரு ஆள் இல்லை!

கைப்பேசியை எடுத்தேன். டவர் இல்லை. ஆனால் முந்தின இரவே வரைபடத்தை இறக்கி வைத்திருந்தேன். ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவையில்லை. 20,000 கிலோமீட்டருக்கும் மேலே சுற்றுகிற செயற்கைக்கோள்களில் 4 கிடைத்தால் போதும், நாம் நிற்கும் இடத்தைக் கணக்குப் போட்டுவிடும். அந்தச் சமிக்ஞையை மேகம் மறைக்காது. திரையில் ஒரு நீலப் புள்ளி வந்தது. இடது பக்கம் ஐம்பது தப்படி நடந்தேன், வரைபடத்தில் பாதையைக் காட்டும் கோட்டிலிருந்து புள்ளி விலகியது. திரும்பி வந்து வலது பக்கம் நடந்தேன். புள்ளி கோட்டின் மேலேயே என்னோடு வந்தது.

ஊர் எல்லையில் ஒரு பாட்டி. “செருப்பக் கழட்டிட்டு வா தாயி.” வெள்ளகவிக்குள் செருப்புப் போட்டு நடக்க மாட்டார்கள், ஊரே கோயில் மாதிரி. திண்ணையில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார். கைப்பேசி இருந்தால் மனிதரைப் பார்க்க மாட்டோம் என்று அண்ணன் சொன்னாரே, அந்தத் திண்ணையில் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்ததே அதுதான்!

அப்புறம், செல்ஃபி எடுக்கிறார்கள் என்றார்கள். எடுக்கட்டும், பாறை விளிம்பில் நின்று எடுக்காமல் இருந்தால் சரி. அண்ணனும் காரில்தான் வந்தார். 2024 மே முதல் இந்த மலைக்குக் கார் ஏற இ-பாஸ் வேண்டும். அதைக் கைப்பேசியில்தான் காட்டியிருப்பார்.

நடுவர் மணியைத் தொடுகிறார். ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன்.

என் அம்மா வத்தலகுண்டில் பூக்கட்டுகிறவர். கொடைக்கானல் பேருந்தெல்லாம் அவர் கண் முன்னால்தான் போகும். ஒரு தடவை கூட அவர் அதில் ஏறியதில்லை. நான் கிளம்பும்போது, “போயிட்டு வா. ஆனா நீ எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியணும்” என்றார். வாட்ஸ்அப்பில் நான் இருக்கும் இடம் அவருக்குத் தெரிகிற மாதிரி வைத்துவிட்டுத்தான் நடந்தேன். அன்றைக்கு டவர் போனதும் அவர் திரையில் புள்ளி நின்றுவிட்டது. சாயங்காலம் மேலே ஏறி வந்து போன் அடித்தபோது, திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

“புள்ளி அந்தப் பாறைகிட்டயே நின்னுடுச்சு பாப்பா. நீ அங்க நின்னு பாத்துக்கிட்டு இருக்கேன்னு நெனச்சு, நானும் உங்கூட அங்கயே நின்னுக்கிட்டு இருந்தேன். ஒரு முழம் பூக்கூடக் கட்டல. ஏம்மா, அங்க காத்து ரொம்ப அடிக்குமோ?” என்று கேட்டார்.

நன்றி, வணக்கம்.