பேஞ்சோவில் எந்த மெட்டை முதலில் எடுப்பது?

நேயர்களுக்கு வணக்கம்.

பேஞ்சோ என்றதும் நம்மில் பலருக்குப் பஜனைக் குழுவில் மடியில் கிடத்தி, பொத்தான்களை அழுத்தி வாசிக்கும் பெட்டிதான் நினைவுக்கு வரும். அது புல்புல் தரங். இன்று பேசப்போவது வட்டத் தோலும் நீண்ட கழுத்தும் ஐந்து தந்திகளும் கொண்ட அமெரிக்கப் பேஞ்சோவைப் பற்றி. அதன் வேர் ஆப்பிரிக்கா. அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட மக்களின் கைகள் வழியே கரீபியத் தீவுகளிலும் அமெரிக்காவிலும் உருப்பெற்ற கருவி அது.

சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டத்துப் பட்டணத்தில் இதற்கு ஆசிரியர் தேடினால் கிடைப்பது அரிது. இணையத்தில் கருவியைத் தருவித்து, திரையைப் பார்த்துக் கற்கிறவர்கள்தான் அதிகம். தருவிக்கும்போதே ஒன்றைக் கவனியுங்கள். நான்கு தந்தி டெனர் பேஞ்சோவும் உண்டு, கித்தார் போல ஆறு தந்தி உள்ளதும் உண்டு. படத்தில் பார்க்க எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் இன்று சொல்லும் பாடம் எதுவும் அவற்றுக்குப் பொருந்தாது. கழுத்தின் பக்கவாட்டில், ஐந்தாம் ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) அருகே ஒரு தனி முறுக்காணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ஐந்து தந்திப் பேஞ்சோ.

கருவி வந்ததும் பெரும்பாலோர் செய்வது என்ன? மிகவும் பிடித்த, மிகவும் வேகமான மெட்டைத் தேடி எடுப்பார்கள். பலருடைய தேர்வு 'ஃபாகி மவுண்டன் பிரேக்டவுன்'. ஏர்ல் ஸ்க்ரக்ஸ் 1949-இல் பதிவு செய்தது. மூன்று விரலால் வாசிக்கும் பாணியை உலகுக்குக் காட்டியவர் அவர். அந்தப் பதிவில் விநாடிக்குப் பத்து ஒலி அளவில் ஓடுகிறது. இரண்டு வாரம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, 'நமக்கு இது வராது' என்று கருவியை அலமாரிக்கு மேல் ஏற்றிவிடுகிறார்கள். கையில் குறை இல்லை, எடுத்த மெட்டில்தான் குறை.

ஒரு மெட்டு நம் தரத்துக்கு ஏற்றதா என்று பார்க்க என் அளவுகோல் ஒன்றே ஒன்று. அந்த மெட்டில் உங்கள் கைக்குப் புதிதாக எத்தனை இருக்கிறது? ஒன்று என்றால் எடுங்கள். இரண்டு என்றால் யோசியுங்கள். மூன்று என்றால் இப்போதைக்கு வேண்டாம். கேட்க எளிது, குழந்தைகூடப் பாடும் என்பதெல்லாம் கணக்கில் வராது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எது புதிது, எது பழையது என்று அறியக் கருவியின் சுருதி தெரிய வேண்டும். பென்சில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மடியில் வைத்துக் குனிந்து பார்த்தால் தரைக்கு அருகில் உள்ள மெல்லிய தந்தி முதல் தந்தி. மேலைநாட்டுச் சுரப்பெயரில் அது டி. இரண்டாவது பி, மூன்றாவது ஜி, நான்காவது தாழ்ந்த டி. உங்கள் முகத்துக்கு அருகில் உள்ள குட்டையான ஐந்தாம் தந்தி உயர்ந்த ஜி. இதை ஓபன் ஜி என்பார்கள். மூன்றாம் தந்தியை ஷட்ஜமமாக வைத்துக்கொண்டால் நமக்கு இன்னும் தெளிவு. நான்காவது கீழ்ப் பஞ்சமம், மூன்றாவது ச, இரண்டாவது அந்தர காந்தாரம், முதலாவது பஞ்சமம், ஐந்தாவது மேல் ச. அந்த ஐந்தாம் தந்தி மெட்டு முழுக்க விடாமல் ஒலிக்கும் சுருதி.

அடுத்து வலது கை. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும்தான் மீட்டும். மோதிர விரலும் சுண்டு விரலும் குதிரைக்கு, அதாவது தோலின்மேல் நின்று தந்திகளைத் தாங்கும் மரத்துண்டுக்கு, பக்கத்தில் தோலின்மேல் லேசாக ஊன்றியிருக்க வேண்டும். அந்த ஊன்றல் இல்லாவிட்டால் கை மிதக்கும், தந்தி மாறி விழும். மூன்று விரலும் எட்டு ஒலிகளாக ஓடும் ஓட்டத்துக்கு ரோல் என்று பெயர். ஒரு ரோலின் தந்தி வரிசை: மூன்று, இரண்டு, ஐந்து, ஒன்று, நான்கு, இரண்டு, ஐந்து, ஒன்று. இதில் ஒன்றுவிட்டு ஒன்று கட்டைவிரல் வரும். தகதிமி தகதிமி என்று சொல்லிக்கொண்டே வாசிக்கலாம். இன்னொன்று முன்னோட்ட ரோல்: மூன்று, இரண்டு, ஒன்று, ஐந்து, இரண்டு, ஒன்று, ஐந்து, ஒன்று. இதில் கட்டைவிரல் முதலாம், நான்காம், ஏழாம் ஒலிகளில் விழும். தகிட தகிட தக. மேலைநாட்டுப் புத்தகங்கள் இதைச் 'சிங்கோபேஷன்' என்று பக்கம் பக்கமாக விளக்கும். உருமி மேளத்தோடு வளர்ந்த பிள்ளைக்கு இந்த மூன்று, மூன்று, இரண்டு ஒரு மாலையில் பிடிபட்டுவிடும். நம் ஆட்களுக்கு இது நல்ல முன்தொடக்கம்.

[இரண்டு ரோல்களும் மெதுவாக, நான்கு முறை வாசித்துக் காட்டல்]

ரோல் மட்டும் தெரிந்த கைக்கு முதல் மெட்டாக நான் சொல்வது 'பாயில் தெம் கேபேஜ் டவுன்' என்ற பழைய அமெரிக்க நாட்டு மெட்டு. பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். மெட்டு முழுவதும் ச, ரி, க, ம என்ற நான்கு சுரங்களுக்குள் அடங்கிவிடும். க என்பது இரண்டாம் தந்தி திறந்தபடி, அதாவது இடது கை அழுத்தாமல். ம அதே தந்தியில் முதல் ஃப்ரெட். ரி மூன்றாம் தந்தியில் இரண்டாம் ஃப்ரெட். ச மூன்றாம் தந்தி திறந்தபடி. இடது கைக்கு இரண்டே இடங்கள். முதலில் ரோல் வேண்டாம். சுரத்தை வாயால் பாடிக்கொண்டு ஒற்றை ஒலியாக வாசியுங்கள். பிறகு ஒவ்வொரு சுரத்தையும் நான்கு ஒலியாக விரியுங்கள். இரண்டாம் தந்தியில் சுரம் விழும்போது இரண்டு, ஒன்று, ஐந்து, ஒன்று. விரல்கள் சுட்டு, நடு, கட்டை, நடு. மூன்றாம் தந்தியில் விழும்போது மூன்று, இரண்டு, ஐந்து, ஒன்று. விரல்கள் கட்டை, சுட்டு, கட்டை, நடு. இங்கே ரி வரும்போது இரண்டாம் தந்தியின் முதல் ஃப்ரெட்டையும் சேர்த்து அழுத்துங்கள். அதுதான் டி செவன் என்ற சுரக்கூட்டின் பிடி. அதை அழுத்தாவிட்டால் திறந்த காந்தாரம் நடுவில் புகுந்து ஒலியைக் கெடுக்கும்.

பெரும்பாலோருக்கு இங்கே நடப்பது இது. ரோல் ஓடத் தொடங்கியதும் மெட்டு காணாமல் போகும். எட்டு ஒலியும் ஒரே பலத்தில் விழுவதுதான் காரணம். சுரம் விழும் ஒலியைச் சற்று அழுத்தி, மற்றவற்றைத் தளர்த்த வேண்டும். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால்தான் விரலுக்கு அந்த வேறுபாடு புரியும்.

அடுத்த படி 'கிரிப்பிள் கிரீக்'. இதில் புதிது இடது கைச் சறுக்கல். முதல் தந்தியில் இரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தி, விரலை எடுக்காமல் ஐந்தாம் ஃப்ரெட்டுக்கு இழுப்பது. நம் கணக்கில் தைவதத்திலிருந்து மேல் ஷட்ஜமத்துக்கு ஒரு ஜாரு. விரல் போய்ச் சேரும்போது அழுத்தம் குறைந்துவிட்டால் ஒலி செத்துவிடும். அவசரப்பட்டு இழுத்தால் அடுத்த ஒலி முந்திக்கொள்ளும். சறுக்கலை மட்டும் தனியாக எடுத்து, தாளத்தோடு இருபது முறை போட்ட பிறகு மெட்டுக்குள் வையுங்கள்.

'ஓல்ட் ஜோ கிளார்க்' அதற்கும் அடுத்தது. அதில் கைசிகி நிஷாதம் வரும், அதாவது முதல் தந்தியில் மூன்றாம் ஃப்ரெட். ஹரிகாம்போதி கேட்ட காதுக்கு அந்நியமாக இருக்காது. ஆனால் பல பாடங்களில் இதை ஏ சுருதியில், இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திச் சுருதியை ஏற்றும் கவ்வி) மாட்டி எழுதியிருப்பார்கள். கேப்போ நான்கு தந்திகளைத்தான் ஏற்றும். ஐந்தாம் தந்தியைத் தனியே 'ஏ' சுருதிக்கு ஏற்ற வேண்டும். இதை மறந்துவிட்டு, பாடமே தப்பு என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறைய. தனியாகப் பழகுகிறவர் கேப்போ இல்லாமல் ஜியிலேயே வாசிக்கலாம், ஒரு குறையும் இல்லை.

இப்போது நம் மெட்டுகள். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். மோகனத்தில் 'வரவீணா' கீதம் பாட்டு வகுப்புக்குப் போன எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். ச, ரி, க, ப, த. நம் நான்கு தந்திகளும் திறந்தபடியே ப, ச, க, ப. எல்லாம் மோகனத்துக்குள் இருக்கிறது. அதனால் இதுவே முதல் மெட்டு என்று எடுப்பார்கள். ஆனால் முதல் வரியைக் கைக்குக் கொண்டுவந்து பாருங்கள். காந்தாரத்தில் தொடங்கி உடனே பஞ்சமம், தைவதம், மேல் ஷட்ஜமம் என்று ஏறிவிடுகிறது. முதல் தந்தியில் திறந்தபடி, இரண்டாம் ஃப்ரெட், ஐந்தாம் ஃப்ரெட். அடுத்த வரியின் மேல் ரிஷபத்துக்கு ஏழாம் ஃப்ரெட். மெட்டின் பெரும்பகுதி நடுவிரலின் பொறுப்பில் வந்துவிடும். கட்டைவிரலால் மெட்டைத் தாங்கிப் பழகிய கைக்கு அது ஒரு புதிது. இடது கை ஓட்டம் இரண்டாவது. மூன்றாவது தாளம். கீதம் ரூபகம், ஆறு அட்சரம். எட்டு ஒலி ரோல் அதில் உட்காராது. பாட எளிதான கீதம் பேஞ்சோவில் மூன்றாம் படி மெட்டாகிவிடுகிறது. எடுத்தே தீர வேண்டும் என்றால் ரோல் இல்லாமல் ஒற்றை ஒலியாக வாசியுங்கள். பிறகு தகிட தகிட என்று ஆறு ஒலி ரோலைச் சேருங்கள்.

இதைவிட நல்ல தேர்வு நோட்டு ஸ்வரங்கள். முத்துசுவாமி தீட்சிதர் மேலைநாட்டு மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் இட்டவை. எல்லாம் சங்கராபரணம், கமகம் கிடையாது. ஃப்ரெட்டின்மேல் விரலை வைத்து எடுத்தாலே சுரம் முழுமையாக வந்துவிடும். கமகம்தான் ராகத்தின் உயிர் என்று இருக்கும் தோடியையோ பைரவியையோ இந்தக் கருவியில் ஆரம்பத்தில் தொடாதீர்கள். தந்தியின் ஒலி சட்டென்று அடங்கிவிடும். அசைத்து நீட்ட அதில் நேரமே இருக்காது.

மத்தியமாவதியில் ஒரு மெட்டைப் பிடித்துவிட்டீர்கள் என்று வையுங்கள். ச, ரி, ம, ப, நி. காந்தாரம் இல்லை. ஆனால் ரோல் ஓடும்போதெல்லாம் திறந்த இரண்டாம் தந்தி காந்தாரத்தைப் பாடிக்கொண்டே இருக்கும். ராகம் கெட்டுப்போகும். கையில் தவறு என்று தேடினால் கிடைக்காது. இரண்டாம் தந்தியை 'பி' சுரத்திலிருந்து 'சி' சுரத்துக்கு அரைச் சுரம் ஏற்றுங்கள். இப்போது தந்திகள் ப, ச, ம, ப. திறந்த தந்தி ஒவ்வொன்றும் ராகத்துக்குள். அமெரிக்க மலைநாட்டுப் பழைய வாசிப்பாளர்கள் இதே சுருதியை 'சாமில்' என்ற பெயரில் வைத்திருக்கிறார்கள். அரைச் சுரத்துக்குத் தந்தி அறுந்துபோகாது, பயம் வேண்டாம். சுத்த சாவேரிக்கும் இதே சுருதி பொருந்தும். ஆக, மெட்டின் சுரங்களை எழுதி, திறந்த தந்திகளில் எது வெளியே நிற்கிறது என்று பார்த்த பிறகே கருவியைத் தொடுங்கள்.

பழகும் முறைக்கு வருவோம். மெட்ரோனோம் என்ற தாளக் கருவியை நிமிடத்துக்கு அறுபது தட்டில் வைத்து, ஒரு தட்டுக்கு இரண்டு ஒலி. ஒரு ரோல் முடிய நான்கு விநாடி. தூக்கம் வரும் வேகம்தான். ஆனால் இதில் தடுமாறும் இடம் வேகத்தில் நிச்சயம் உடையும். தொடர்ந்து மூன்று முறை பிசகில்லாமல் வந்தால் நான்கு புள்ளி ஏற்றுங்கள். பிசகினால் எட்டுப் புள்ளி இறக்குங்கள். கை சிக்குவது பெரும்பாலும் ஒரு பகுதிக்கு உள்ளே அல்ல, ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் மூட்டில்தான். முந்தையதன் கடைசி நான்கு ஒலியையும் அடுத்ததன் முதல் நான்கையும் மட்டும் சேர்த்து ஒரு வட்டமாகச் சுற்றுங்கள். மெட்டை முதலிலிருந்து திரும்பத் திரும்ப வாசிப்பது நன்றாக வரும் இடத்தையே மெருகேற்றும்.

கையில் ஒரே நேரத்தில் மூன்று மெட்டுக்குமேல் வேண்டாம். ஒன்று புதிது, ஒன்று வேகம் ஏறிக்கொண்டிருப்பது, ஒன்று வாசித்தால் மனம் குளிரும் பழையது. காலை, மாலை பதினைந்து நிமிடம் போதும். தாமான் குடியிருப்பு வீடுகளில் சுவர் மெல்லியது. இரவில் பழகுகிறவர்கள் கருவியின் பின்புறம், தோலுக்கும் உள்ளே ஓடும் கம்பிக்கும் இடையே ஒரு சின்னத் துண்டை மடித்துச் செருகுங்கள். சத்தம் பாதிக்குமேல் அடங்கும்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. எத்தனை நாள் பழகியும் ஐந்தாம் ஃப்ரெட் மேல் ஷட்ஜமம் சுருதி சேரவில்லை என்றால் காதின் மேல் பழி போடாதீர்கள். பேஞ்சோவின் குதிரை ஒட்டப்பட்டதல்ல, தந்தியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. பெட்டியில் வரும் வழியில் நகர்ந்திருக்கும். முதல் தந்தியைப் பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே லேசாகத் தொட்டு மீட்டுங்கள். பிறகு அதே இடத்தில் அழுத்தி மீட்டுங்கள். அழுத்திய ஒலி உயர்ந்திருந்தால் குதிரையைப் பின்பக்கம் ஒரு மயிரிழை தள்ளுங்கள். தாழ்ந்திருந்தால் கழுத்துப் பக்கம். தந்தியைச் சற்றுத் தளர்த்திவிட்டு நகர்த்துங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் உருக்குத் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும், துருத் தந்தியும் சுருதி சேராது. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள். பெரும்பாலான தந்திக் கட்டுகளில் முதலாவதும் ஐந்தாவதும் ஒரே கனம். ஒரு உபரித் தந்தி வாங்கினால் இரண்டுக்கும் ஆகும். ஆனால் நுனியில் வளையம் உள்ளதா, குண்டு உள்ளதா என்று உங்கள் கருவியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஈப்போவுக்குப் போய் மாற்றிவருவதற்குள் அரை நாள் போய்விடும்.

நன்றி, வணக்கம்.