ஃபாக் லேம்ப் ஃப்யூஸ் அடிக்கடி போகிறதா?

அடுத்த கேள்வி. ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "காரில் தனியாக ரெண்டு ஃபாக் லேம்ப் போட்டேன். 10 ஆம்பியர் ஃப்யூஸ் மூணு தடவை போய்விட்டது. 30 போட்டால் சரியாகிவிடுமா?"

30 மட்டும் போட்டுவிடாதீர்கள். ஃப்யூஸ் பல்பைக் காப்பாற்ற வைத்தது இல்லை, வயரைக் காப்பாற்ற வைத்தது. 30 போட்டால் அப்புறம் ஃப்யூஸ் போகாது, வயர்தான் எரியும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 55 வாட் பல்பு 12 வோல்ட்டில் நாலரை ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே இழுக்கும். ரெண்டுக்கும் ஒன்பதைத் தாண்டும். இன்ஜின் ஓடும்போது வோல்ட் 14 பக்கம் போகும், அதனால் இன்னும் கொஞ்சம் கூடும். ஹாலஜன் பல்பு ஆன் ஆகும் அந்த நொடியில் இழை குளிர்ந்திருப்பதால் பல மடங்கு இழுக்கும். ஆக 10 ஆம்பியர் என்பது விளிம்பில் நிற்கிற அளவு. வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் இருந்தால் 15 போடலாம், அந்த நீல நிற ஃப்யூஸ். மெல்லிய வயர் என்றால் வயரைத்தான் மாற்ற வேண்டும். எல்இடி விளக்கு போட்டும் போகிறது என்றால் இந்தக் கணக்கே வேண்டாம், எங்கேயோ ஷார்ட் இருக்கிறது.

எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஃப்யூஸ் எப்போது போகிறது என்று கவனியுங்கள். ஃப்யூஸைச் சொருகின உடனே போனால், ஃப்யூஸுக்கும் ரிலேவின் (ஸ்விட்ச் போட்டதும் விளக்குக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் சின்னப் பெட்டி) 30-ஆம் நம்பர் முனைக்கும், அதாவது கரண்ட் உள்ளே வரும் முனைக்கும், நடுவில் கோளாறு. ஸ்விட்ச் போட்டதும் போனால், ரிலேவிலிருந்து கரண்ட் வெளியே போகும் 87-ஆம் நம்பர் முனையிலிருந்து விளக்கு வரைக்கும் போகிற வயரில். மேடு பள்ளத்தில் மட்டும் போனால், வயர் எங்கேயோ இரும்பில் உரசுகிறது. மழையில் மட்டும் என்றால் கனெக்டரில் தண்ணீர்.

ஒவ்வொரு தடவையும் புது ஃப்யூஸ் போட்டுப் பார்க்காதீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் ஒரு டப்பா ஃப்யூஸைக் காலி செய்தேன். இப்போது இண்டிகேட்டரின் 21 வாட் பல்பு ஒன்றில் ரெண்டு வயர் இழுத்து, ஃப்யூஸ் இருக்கும் இடத்தில் சொருகிவிடுகிறேன். அதன் வழியாக ரெண்டு ஆம்பியருக்கு மேல் போகாது, எதுவும் கருகாது. முக்கியமாக, முதலில் ஃபாக் லேம்ப் ரெண்டின் கனெக்டரையும் கழற்றிவிடுங்கள். கழற்றாவிட்டால் ஷார்ட் இல்லாமலே இந்தப் பல்பு எரிந்து குழப்பிவிடும். அப்புறம் ஸ்விட்சைப் போடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்தால் ஷார்ட் வயரில்தான். எரியவில்லையென்றால் விளக்குகளை ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். நல்ல விளக்கு என்றால் அதுவும் கொஞ்சம் ஒளி விடும், சோதனைப் பல்பு முழு பிரகாசத்தில் எரியாது. கோளாறான விளக்கு என்றால் அது இருண்டே கிடக்க, சோதனைப் பல்பு மட்டும் முழுசாக எரியும்.

ஷார்ட் வயரில் என்றால், பல்பு எரியும்போதே வயரை ஒரு சாண், ஒரு சாணாகப் பிடித்து அசைத்துக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் பல்பு மின்னி அணைகிறதோ அங்கேதான். பெரும்பாலும் தகட்டில் ஓட்டை போட்டு, ரப்பர் வளையம் மாட்டாமல் வயரை நுழைத்த இடம். ஹாரன் பிராக்கெட்டுக்குப் பின்னால், தேய்ந்த உறைக்குள் செம்பு லேசாக எட்டிப் பார்க்கும்.