ஒரே தொண்டையில் பல மனிதர்கள்: எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் திரை வாழ்வும் தொலைக்காட்சி வாழ்வும்

[திரையில்: திருமலைக் கோயில் கோபுரத்தின் காட்சி. தம்பூராவின் சுருதி மட்டும் ஒலிக்கிறது.]

1997-ஆம் ஆண்டு கே. ராகவேந்திர ராவ் இயக்கத்தில் வெளிவந்த ‘அன்னமய்யா’ என்ற தெலுங்குப் படத்தில், திருமலை வேங்கடவனைப் பாடிப் பாடியே வாழ்ந்து முடித்த கவிஞராக நாகார்ஜுனா நடித்தார். வேங்கடவனாக சுமன் நடித்தார். கீரவாணியின் இசையில் அந்தக் கவிஞர் உருகிப் பாடும்போது நாம் கேட்பது எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரல். இறைவன் வாய் திறந்து பேசும்போது கேட்பதும் அதே பாலசுப்ரமணியத்தின் குரல்தான். பக்தனும் பெருமாளும் ஒரே தொண்டையிலிருந்து வருகிறார்கள். ஆனாலும் படம் பார்க்கிறவருக்கு இருவரும் இருவராகவே தெரிகிறார்கள். சுமனுக்குக் குரல் கொடுத்ததற்காக ஆந்திர அரசின் நந்தி விருது அவருக்குக் கிடைத்தது.

எஸ்.பி.பி.யைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாகப் பாடல்களைத்தான் பேசுகிறோம். அவர் நடித்தார், டப்பிங் பேசினார், இசையமைத்தார், தொலைக்காட்சியில் தோன்றினார் என்பதெல்லாம் கடைசியில் ஒரு வரியில் சேர்க்கப்படும் செய்திகளாக நின்றுவிடுகின்றன. என் பார்வையில் அவை தனித்தனித் தொழில்களே அல்ல. இன்னொரு மனிதர் எப்படி மூச்சு விடுவார், எந்த இடத்தில் தயங்குவார், எந்தச் சொல்லில் குரலை உயர்த்துவார் என்பதைக் கூர்ந்து கவனித்துத் தன் தொண்டைக்குள் கொண்டுவரும் ஒரே திறன்தான் அவருடைய ஐம்பது ஆண்டுக்கும் மேற்பட்ட திரை வாழ்வின் எல்லாப் பக்கங்களிலும் வேலை செய்தது. அந்தத் திறனை அவர் தொலைக்காட்சியில் மற்றவர்களுக்கு எப்படிக் கற்றுக்கொடுத்தார் என்பதைத் தமிழ் ரசிகர்கள் போதிய அளவு அறியவில்லை என்ற ஆதங்கத்தில்தான் இந்தக் காணொலியை உருவாக்கியிருக்கிறோம்.

[திரையில்: பழைய நெல்லூர் நகரத்தின் படங்கள்.]

1946 ஜூன் 4 அன்று பிறந்த அவர், நெல்லூரோடு பிணைந்த ஒரு தெலுங்குக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தந்தை சாம்பமூர்த்தி ஹரிகதைக் கலைஞர். ஹரிகதையில் மேடையேறும் ஒரே கலைஞர்தான் கதை சொல்ல வேண்டும், பாட வேண்டும், இராமனாகவும் இராவணனாகவும் மாறி மாறிப் பேச வேண்டும், இடையிடையே நகைச்சுவையும் சொல்லிக் கூட்டத்தை நிலைகொள்ள வைக்க வேண்டும். பாட்டுக்கும் பேச்சுக்கும் நடிப்புக்கும் நடுவில் சுவர் எழுப்பாத ஒரு கலை அது. முறையான கர்நாடக இசைப் பயிற்சி பெறாத அந்தச் சிறுவனின் காதில் முதலில் விழுந்த கலை இப்படிப்பட்டதாக இருந்தது என்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

பொறியியல் படிக்கப் போனவர், சென்னையில் நடந்த ஒரு பாட்டுப் போட்டியின் வழியே இசையமைப்பாளர் எஸ்.பி. கோதண்டபாணியின் கண்ணில் பட்டார். 1966 டிசம்பர் 15 அன்று அவரது இசையில் முதல் திரைப்பாடல் ஒலிப்பதிவானது. அக்காலத்தில் ‘பாலு’ என்று அழைக்கப்பட்ட பாலசுப்ரமணியம் நடத்திய மெல்லிசைக் குழுவில் வாசித்தவர்களில் இளையராஜாவும் அவருடைய சகோதரர்கள் பாஸ்கரும் கங்கை அமரனும் இருந்தார்கள் என்பது பலருக்கும் தெரிந்த வரலாறு. தமிழில் 1969-ஆம் ஆண்டு வெளியான ‘சாந்தி நிலையம்’, ‘அடிமைப்பெண்’ ஆகிய இரு படங்கள் அவரை நிலைநிறுத்தின. ‘அடிமைப்பெண்’ படத்துக்காக ‘ஆயிரம் நிலவே வா’ பாடலைப் பாட வேண்டிய வேளையில் அவர் டைபாய்டு காய்ச்சலில் படுத்துவிட, எம்.ஜி.ஆர். வேறு பாடகரைத் தேடாமல் அவர் தேறி வரும்வரை காத்திருந்தார். புதிய பாடகர் ஒருவருக்கு அந்தக் காத்திருப்பு எவ்வளவு பெரிய நம்பிக்கையைக் கொடுத்திருக்கும் என்பதை அவரே பிற்காலத்தில் மேடைதோறும் நெகிழ்ந்து சொல்லியிருக்கிறார்.

இனி, பின்னணிப் பாடல் என்பது எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம். பாடலைப் பாடுகிறவர் ஒருவர், வாயசைக்கிறவர் வேறொருவர். பெரும்பாலும் பாட்டுதான் முதலில் பதிவாகும்; படப்பிடிப்பு பிறகே நடக்கும். ஆகவே நடிகர் எந்த இடத்தில் சிரிப்பார், எந்த இடத்தில் திரும்பிப் பார்ப்பார் என்பதையெல்லாம் பாடகர் முன்கூட்டியே கற்பனை செய்து, ஒலிவாங்கியின் முன்னால் நின்று, குரலில் மட்டும் நடித்துக் கொடுக்க வேண்டும். மெட்டைப் பிசகாமல் பாடுவது இதில் முதல் படி மட்டுமே.

[திரையில்: 1992 என்ற எண். இரண்டு பாடல்களின் ஒலி அலை வடிவங்கள், மேலும் கீழுமாக.]

1992-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். ‘அண்ணாமலை’ படத்தில் தேவாவின் இசையில் ரஜினிகாந்துக்காக ‘வந்தேண்டா பால்காரன்’ பாடினார். ‘ரோஜா’ படத்தில் ஏ.ஆர். ரஹ்மானின் இசையில் அரவிந்த்சாமிக்காக ‘காதல் ரோஜாவே’ பாடினார். முதல் பாடலில் வல்லின எழுத்துகள் மோதி விழுகின்றன. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஓர் உந்துதல் இருக்கிறது. தெருவில் நின்று பாடுகிற மனிதன் ஒருவன் நம் முன் நெஞ்சை நிமிர்த்துகிறான். இரண்டாவது பாடலில் அதே குரல் ஒலிவாங்கிக்கு அருகே வந்து, சொற்களின் கடைசி எழுத்தைப் பாதி காற்றாக விட்டு, மனைவியைப் பிரிந்து அடைபட்டுக் கிடக்கும் ஓர் இளைஞனின் நடுக்கத்தைக் கொண்டுவருகிறது. இதைக் குரல் மாற்றம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. இது மூச்சின் அளவை மாற்றும் கலை. 1974-இல் ‘அவள் ஒரு தொடர்கதை’ படத்துக்காக எம்.எஸ். விஸ்வநாதன் அமைத்த ‘கடவுள் அமைத்து வைத்த மேடை’ பாடலில், சதனின் பலகுரல் ஒலிகளுக்கு நடுவே கதை சொல்வதைப் போல அவர் பாடிச் செல்வதைக் கேட்டால், இந்தத் திறன் எவ்வளவு முன்னதாகவே முழுமை பெற்றுவிட்டது என்பது விளங்கும்.

வேகமும் அவருடைய திறனின் ஒரு பகுதிதான். 1981 பிப்ரவரி 8 அன்று பெங்களூரில், உபேந்திர குமாரின் இசையில், காலை 9 மணிக்குத் தொடங்கி இரவு 9 மணிக்குள் 21 கன்னடப் பாடல்களைப் பாடி முடித்தார். மெட்டைக் கேட்டவுடன் மனத்தில் ஏற்றிக்கொள்ளும் ஆற்றல் இல்லாத ஒருவரால் இதை எண்ணிப் பார்க்கவும் இயலாது.

ஆனால் ‘சங்கராபரணம்’ வந்தபோது அவர் தயங்கினார். கே. விஸ்வநாத் இயக்கி 1980-இல் வெளியான அந்தப் படத்தின் நாயகர் கர்நாடக இசையையே உயிர்மூச்சாகக் கொண்ட ஒரு வித்துவான். சங்கீதம் முறையாகப் படிக்காத தாம் அந்த வித்துவானாகப் பாடுவதா என்ற அச்சம் அவருக்கு இருந்தது. இசையமைப்பாளர் கே.வி. மகாதேவனின் உதவியாளரான புகழேந்தி அவருக்குத் தைரியம் சொல்லி, பாடல்களைப் பயிற்றுவித்து, ஒலிப்பதிவுக்கு ஆயத்தப்படுத்தினார். விளைவு, ஆறு தேசிய விருதுகளில் முதலாவது. தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி என்னும் நான்கு மொழிகளிலிருந்து அவருக்கு அந்த ஆறு விருதுகளும் வந்தன. இந்தி விருதுக்குப் பின்னால் கே. பாலசந்தரின் பிடிவாதம் இருக்கிறது. ‘ஏக் துஜே கே லியே’ படத்துக்குத் தென்னிந்திய உச்சரிப்பு சரிவருமா என்று இசையமைப்பாளர்கள் ஐயுற்றபோது, கதாநாயகனே இந்தி அறியாத தமிழன்தானே, அவனுடைய உச்சரிப்பு இப்படித்தானே இருக்கும் என்று பாலசந்தர் வாதிட்டார். பின்னர் 1989-இல் ‘மைனே பியார் கியா’ வந்தபோது, சல்மான் கான் என்ற வடநாட்டு இளைஞனின் குரலாகவே அவர் இந்தி ரசிகர்களின் மனத்தில் பதிந்துபோனார்.

டப்பிங்கில் அவர் நுழைந்தது தற்செயல். ‘மன்மத லீலை’ படத்தின் தெலுங்குப் பதிப்பில் கமல்ஹாசனுக்குக் குரல் கொடுத்தார். அதன் பிறகு பல ஆண்டுகள் தெலுங்கு ரசிகர்களுக்குக் கமல் பேசும் குரல் என்றால் அது பாலுவின் குரலாகவே இருந்தது. 2008-இல் ‘தசாவதாரம்’ தெலுங்கில் வெளியானபோது, கமலின் பத்து வேடங்களில் ஏழுக்கு அவரே பேசினார். ரிச்சர்ட் அட்டன்பரோவின் ‘காந்தி’ தெலுங்கில் வந்தபோது பென் கிங்ஸ்லிக்கும் அவர்தான் குரல். பாடலிலாவது மெட்டு கைபிடித்து அழைத்துச் செல்லும். டப்பிங்கில் அந்தத் துணையும் கிடையாது. திரையில் ஏற்கெனவே அசைந்து முடிந்த உதடுகளுக்குள் புகுந்து உயிர் கொடுக்க வேண்டும்.

[திரையில்: 1990-களின் தமிழ்த் திரைப்படச் சுவரொட்டிகள்.]

அடுத்தவர் உடலுக்குக் குரலாக இருந்தவர், தம் உடலோடு திரையில் வந்தபோது என்ன செய்தார்? 1987-இல் ‘மனதில் உறுதி வேண்டும்’ படத்தில் மருத்துவராக வந்தார். 1990-இல் வசந்த் இயக்கிய முதல் படமான ‘கேளடி கண்மணி’யில், மனைவியை இழந்து மகளை வளர்க்கும் நடுவயதுக்காரராக ராதிகாவோடு நடித்தார். பருத்த உடலும் கூச்சம் கலந்த சிரிப்பும் கொண்ட அந்த மனிதரைக் காதல் கதையின் நாயகனாக மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். ‘மண்ணில் இந்தக் காதலன்றி’ பாடலின் சரணம் மூச்சு விடும் இடைவெளியே கேட்காதபடி ஓடுவதைப் பற்றி எல்லோரும் வியந்து பேசுவார்கள். எனக்கோ, அந்தப் படத்தில் அவர் மகளுக்கு முன்னால் பேச்சற்று நிற்கும் இடங்கள் அதைவிட நெருக்கமானவை. 1991-இல் அனந்து இயக்கிய ‘சிகரம்’ படத்தில் இசையமைப்பாளராக நடித்து, படத்துக்கு இசையும் தாமே அமைத்தார். அதில் மிகவும் பேசப்பட்ட ‘அகரம் இப்போ சிகரமாச்சு’ பாடலைத் தாம் பாடாமல் கே.ஜே. யேசுதாஸைப் பாட வைத்தார். ஒரு பாட்டுக்கு எந்தக் குரல் பொருந்தும் என்பதில் தம் பெயரையும் ஒதுக்கிவைக்கத் தெரிந்தவர் அவர்.

‘காதலன்’, ‘அவ்வை சண்முகி’, ‘பிரியமானவளே’ போன்ற படங்கள் உங்களுக்கு நன்கு அறிமுகமானவை என்பதால் விரிவாகச் சொல்லவில்லை. ‘மின்சார கனவு’ படத்தைப் பற்றி ஒன்று மட்டும்: அரவிந்த்சாமியின் தந்தையாக அவர் நடித்த அதே படத்தில் பாடிய ‘தங்கத் தாமரை மகளே’ தான் தமிழுக்காக அவருக்குத் தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. தமிழர்கள் தவறவிட்ட ஒரு படமும் உண்டு. தனிகெள்ள பரணி இயக்கத்தில் 2012-இல் வந்த ‘மிதுனம்’ என்ற தெலுங்குப் படத்தில், வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளைப் பிரிந்து சிற்றூரில் வாழும் முதிய கணவராக நடிகை லட்சுமியோடு நடித்தார். படம் முழுவதும் திரையில் இந்த இருவர்தான். அவருடைய நடிப்பில் ஒன்றை மட்டும் பாருங்கள் என்று யாராவது கேட்டால், நான் இதைத்தான் காட்டுவேன்.

[திரையில்: தொலைக்காட்சி அரங்கம். ஒளி விளக்குகள். மேடையில் ஒரு நாற்காலி.]

இப்போது தொலைக்காட்சிக்கு வருவோம். 1995-இல் தொடங்கிய ஈடிவி தெலுங்கு அலைவரிசையில், அதற்கு அடுத்த ஆண்டே ‘பாடுதா தீயகா’ என்ற பாட்டுப் போட்டி நிகழ்ச்சி ஆரம்பமானது. நடத்தியவர் எஸ்.பி.பி. குறுஞ்செய்தி வாக்குகளும், நடுவர்களின் கண்ணீரும், இடைவெளிக்கு முன்பான அதிர்ச்சி இசையும் இந்தியத் தொலைக்காட்சிக்கு வராத காலம் அது. கன்னடத்தில் ‘எதெ தும்பி ஹாடுவெனு’, தமிழில் ஜெயா டிவியில் ‘என்னோடு பாட்டுப் பாடுங்கள்’ என்று அதே போன்ற நிகழ்ச்சிகளை அவர் நடத்தினார். எனினும் தெலுங்கு வீடுகளில் ‘பாடுதா தீயகா’ பிடித்த இடத்துக்கு ஈடாக நம்மிடம் எதுவும் அமையவில்லை. உஷா, மல்லிகார்ஜுன், கோபிகா பூர்ணிமா போன்ற பாடகர்கள் அந்த மேடையிலிருந்து திரையுலகுக்குப் போனவர்கள்.

அந்த நிகழ்ச்சி ஏன் மாறுபட்டது என்றால், அங்கே மதிப்பெண்ணைவிடப் பாட்டு பெரிதாக இருந்தது. ஒரு சிறுமி பழைய பாடலொன்றைப் பாடி முடித்ததும், அவர் முதலில் அந்தப் பாடலை எழுதியவரையும் இசையமைத்தவரையும் முதலில் பாடியவரையும் பெயர் சொல்லி நினைவுகூர்வார். பிறகு அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்பார். பொருள் தெரியாமல் பாடியிருந்தால் விளக்குவார். உச்சரிப்பில் ஓர் எழுத்து பிசகியிருந்தாலும் விடமாட்டார். அடுத்து, தாமே அந்த வரியைப் பாடிக்காட்டி, எந்தச் சொல்லின் மீது சாய வேண்டும், எங்கே சங்கதியை, அதாவது மெட்டில் சேர்க்கும் இசை நெளிவுகளை, குறைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்வார். ஒலிப்பதிவுக் கூடத்தில் புகழேந்தி தமக்குச் செய்ததை, இங்கே அவர் அரங்கில் எல்லோருக்கும் முன்னால் செய்துகாட்டினார். குழந்தை தடுமாறினால் கூடவே பாடித் தாங்கிக்கொள்வார். பின்னால் அமர்ந்து வாசிக்கும் இசைக்கலைஞர்களைப் பெயர் சொல்லிப் பாராட்டுவார். முகமது ரஃபியைப் பற்றிப் பேச்சு வந்தால் குரல் தழுதழுக்கும்.

இதனால் வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கும் ஒரு பயிற்சி கிடைத்தது. பின்னணிப் பாடல் என்பது எத்தனை பேரின் உழைப்பு, ஒரு வரியைப் பாடுவதற்கு முன் எவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கிறது என்பதை அவர்கள் வாரந்தோறும் பார்த்தார்கள். திரைப்பாடலைப் பற்றி எத்தனையோ நூல்கள் வந்திருக்கலாம். உள்ளே இருந்த ஒருவரே இத்தனை ஆண்டுகள் பொறுமையாக, பொதுமக்களுக்குப் புரியும் மொழியில், உதாரணங்களோடு விளக்கிய பணி வேறு எங்கும் நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவர் பாடிய பாடல்களைச் சேகரித்து வைப்பதைப் போல, இந்த நிகழ்ச்சிகளில் அவர் சொன்னவற்றையும் யாரேனும் தொகுத்துத் தமிழில் தர வேண்டும் என்பது என் விருப்பம்.

2020 ஆகஸ்டில் கொரோனா தொற்றுடன் சென்னை மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவர், செப்டம்பர் 25 அன்று காலமானார். திருவள்ளூர் மாவட்டம் தாமரைப்பாக்கத்தில் உள்ள அவருடைய பண்ணை வீட்டில் அடக்கம் செய்யப்பட்டார். பத்மஸ்ரீயும் பத்மபூஷணும் வாழ்நாளிலேயே கிடைத்திருந்தன; பத்மவிபூஷண் 2021-இல் மறைவுக்குப் பின் வந்தது. அதே ஆண்டு தீபாவளிக்கு வெளியான ‘அண்ணாத்த’ படத்தில் ரஜினியின் அறிமுகப் பாடலாக ஒலித்தது, அவர் முன்பே பாடிக் கொடுத்திருந்த பாட்டு. ‘பாடுதா தீயகா’ இன்றைக்கு அவருடைய மகன் எஸ்.பி. சரணின் பொறுப்பில் நடந்துகொண்டிருக்கிறது.