ஒரு ஓட்டு, ஒரு புள்ளி: கீரன் மெக்கீனி

வணக்கம் மக்களே. இன்னைக்கு வீடியோ முழுக்க ஒரே ஒரு ஆளப் பத்தித்தான். அயர்லாந்துல ஆர்மா கவுன்ட்டி இருக்கு, அந்த ஊர்க்காரர் கீரன் மெக்கீனி. கேலிக் ஃபுட்பால்ல சென்டர் ஹாஃப் பேக், தடுப்பாட்டக்காரர்.

ஆட்டம் தெரியாதவங்களுக்குச் சட்டுனு சொல்லிடறேன். பக்கத்துக்கு 15 பேர். பந்தக் கையில பிடிக்கலாம், கால்லயும் உதைக்கலாம். குறுக்குக் கம்பத்துக்கு மேல போனா 1 புள்ளி (2025லேர்ந்து 40 மீட்டர் வளைவுக்கு வெளியேர்ந்து அடிச்சா 2), வலைக்குள்ள போனா கோல், 3 புள்ளி. விளையாடறவங்க யாருக்கும் சம்பளம் கிடையாது.

2002. ஆர்மா அதுவரைக்கும் ஆல் அயர்லாந்து ஃபைனல, அதாவது கவுன்ட்டி அணிகளுக்கான பெரிய சாம்பியன்ஷிப்போட ஃபைனல, ஜெயிச்சதே இல்ல. எதிர்ல கெரி, அதிகக் கோப்பை வாங்கின அணி. இடைவேளையில ஆர்மா 4 புள்ளி பின்னால. ஒரு பெனால்ட்டிய வேற விட்டுட்டாங்க. அப்புறம் நடந்தத நான் எத்தன தடவ சொன்னாலும் சலிக்காது. ரெண்டாவது பாதி முழுக்கக் கெரி எடுத்தது வெறும் 3 புள்ளி! கெரிங்க, கெரி! அந்தத் தடுப்புக்கு நடுவுல நின்ன கேப்டன் மெக்கீனி. கடைசியில ஆர்மா 1-12, கெரி 0-14. முதல் எண் கோல், அடுத்தது புள்ளி. கூட்டிப் பாருங்க, 15க்கு 14. ஒரே ஒரு புள்ளி.

2007ல ஓய்வு. உடனே கில்டேர் கவுன்ட்டிக்கு மேனேஜர். முதல் சாம்பியன்ஷிப் ஆட்டத்துலயே விக்லோகிட்ட தோல்வி. ஆனா 2010ல அதே அணிய செமி ஃபைனல் வரைக்கும் கொண்டுபோனார். ஆறு சீசன் முடிஞ்சு, 2013ல இவர் தொடரணுமான்னு கில்டேர் கிளப் பிரதிநிதிகள் ஓட்டுப் போட்டாங்க. 29க்கு 28. ஒரு ஓட்டுல பதவி போச்சு. எனக்கு அது இன்னும் ஆறல.

சொந்த ஊருக்கே திரும்பினார். 2015 சீசன்லேர்ந்து ஆர்மா மேனேஜர். இங்கதான் ஆளோட உறுதி தெரியுது. 2022ல கால்வேகிட்ட பெனால்ட்டி ஷூட் அவுட்ல தோல்வி. 2023ல டெர்ரிகிட்ட, மொனகன்கிட்ட, ரெண்டும் ஷூட் அவுட். 2024 மே மாசம் டொனிகால்கிட்ட, மறுபடியும் அதே. நாலு தடவ! நடுவுல 2023ல, இவர் இருக்கணுமா வேணாமான்னு ஆர்மா கிளப்புகளும் ஓட்டெடுப்பு வச்சாங்க. அவங்க "இருக்கட்டும்"னு சொன்னாங்க. அந்தப் பொறுமைக்கு ஆர்மா ஜனங்களுக்கு ஒரு கும்பிடு.

ஏன்னா அடுத்த வருஷம், 2024 ஜூலை 28, டப்ளின்ல க்ரோக் பார்க் மைதானம், ஆல் அயர்லாந்து ஃபைனல். எதிர்ல கால்வே. ஆர்மாவோட ஒரே கோல யார் போட்டா தெரியுமா? ஏரன் மெக்கே. ஃபுல் பேக்! கோலுக்கு முன்னாடி காவல் நிக்க வேண்டிய ஆளு, மைதானத்தோட அந்தக் கோடிக்குப் போய்ப் போட்டார். ஒரு தடுப்பாட்டக்காரர் வளர்த்த அணிக்கு இன்னொரு தடுப்பாட்டக்காரர் கோல். 1-11க்கு 0-13. இதையும் கூட்டுங்க, 14க்கு 13. ஆர்மாவுக்கு ரெண்டே ரெண்டு கோப்பை. ஒண்ணுல அவர் கேப்டன், இன்னொண்ணுல மேனேஜர். ரெண்டும் ஒரே ஒரு புள்ளி வித்தியாசம்.

அதோட கணக்கு தீர்ந்துடுச்சுன்னு நெனச்சேன். 2025 மே, அல்ஸ்டர் மாகாண ஃபைனல், மறுபடியும் டொனிகால். எக்ஸ்ட்ரா டைம் வரைக்கும் போச்சு. டொனிகால் 2-23, ஆர்மா 0-28. கூட்டினா என்ன வருது பாருங்க. 29க்கு 28.